1 மணி நேர ஃபிளைட்டுக்கு 5 மணி நேரம்: சென்னை–பெங்களூரு கணக்கு

"டைம் இஸ் மணி"னு சொல்லித்தான் நம்மில் பாதிப் பேர் ஃபிளைட் டிக்கெட் போடுறோம். நானும் ஒரு வருஷம் அப்படித்தான் போட்டேன்.

அப்போ எனக்கு ஆபீஸ் பெங்களூரு எம்.ஜி. ரோடு, வீடு பெரம்பூர். மாசம் ரெண்டு தடவை வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் வருவேன், திங்கட்கிழமை காலை ஃபிளைட்டில் திரும்புவேன். வான்வழியில் சுமார் 290 கி.மீ. தான். டிக்கெட்டில் ஒரு மணி நேரம்னு போட்டிருக்கும்.

இப்போ வாசலில் இருந்து வாசலுக்குப் பாருங்க. 7:30 ஃபிளைட்டுக்கு 5:15க்கே வீட்டை விட்டுக் கிளம்பணும், ஏன்னா செக்-இன் கவுன்டரை ஒரு மணி நேரம் முன்னாடியே மூடிடுவாங்க. இறங்கி வெளியே வர 8:55. பெங்களூரு ஏர்போர்ட் இருக்கிறது ஊருக்கு வடக்கே, தேவனஹள்ளியில். திங்கட்கிழமை ஹெப்பால் டிராஃபிக்கைத் தாண்டி ஆபீஸ் சேர 10:30. மொத்தம் 5¼ மணி நேரம்! (உங்க ஆபீஸ் எலெக்ட்ரானிக் சிட்டினா இன்னும் மோசம். ஓசூர் வழியா வர்ற நைட் பஸ் அந்த வாசலிலேயே இறக்கி விடும்.)

அதே நாள் 5:50 வந்தே பாரத்தில் ஏறினா, 5:10க்கு வீட்டை விட்டாப் போதும். பத்தே காலுக்கு மேல் பெங்களூரு, அங்கிருந்து பர்ப்பிள் லைன் மெட்ரோ, 10:45க்கு ஆபீஸ். ஃபிளைட்டால் எனக்கு மிச்சமானது 20 நிமிஷம்.

அதுக்கு நான் கொடுத்தது? ஃபிளைட் 3,100, ரெண்டு பக்கமும் கேப் 1,600, ஆக 4,700 ரூபாய். ரயில், ஆட்டோ, மெட்ரோ எல்லாம் சேர்த்து சுமார் 1,200. வித்தியாசம் 3,500. அதாவது ஒரு மணி நேரத்தை 10,500 ரூபாய்க்கு வாங்கியிருக்கேன். என் கைக்கு வந்த சம்பளமோ 52,000. மணிக்கு 260 ரூபாய் சொச்சம்.

வருஷத்துக்கு 84,000. அந்த வருஷக் கடைசியில் அப்பாவோட முழங்கால் ஆபரேஷனுக்கு 80,000 குறைஞ்சுது. பர்சனல் லோன் எடுத்தேன். அப்பா கிட்ட இன்னும் சொல்லலை.

ஃபிளைட்டே தப்புன்னு நான் சொல்ல வரலை. சென்னை–டெல்லி சுமார் 1,750 கி.மீ., ஃபிளைட்டில் மூணு மணி நேரத்துக்குள்ள. ரயிலில் ஒரு நாளுக்கும் மேல. அங்கே கண்ணை மூடிட்டு ஃபிளைட் போடுங்க, லீவு மிச்சம். கம்பெனி காசு கொடுத்தாலும் தாராளமா பறங்க. சொந்தக் காசுன்னா, டிக்கெட்டில் போட்டிருக்கிற நேரத்தை விட்டுட்டு வீட்டுப் பூட்டுல இருந்து ஆபீஸ் பன்ச் வரைக்கும் ஒரு தடவை எழுதிப் பாருங்க. எனக்கு அஞ்சு நிமிஷம்தான் ஆச்சு, ஆனா லோன் எடுத்த பிறகுதான் எழுதினேன்.