தபாலகக் கோபுரம் யாருக்கு?



நுவரெலியா தபாலகத்தை ஹோட்டலாக்கினால் என்ன, கட்டடமும் பத்திரமாக இருக்கும், டொலரும் வரும் என்று நம்மவர்களிலேயே சிலர் இன்னும் பேசுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறோம்.

1894இல் வெள்ளைக்காரன் கட்டிய செங்கல் கட்டடம் அது. அதன் மணிக்கூட்டுக் கோபுரத்தை வைத்துத்தான் டவுனில் நாம் வழி சொல்கிறோம். ஏப்ரல் சீசனுக்கு வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுக்காமல் போவதில்லை. 2023இல் இதை ஹோட்டலுக்குக் கொடுக்க அரசு முனைந்தபோது தபால் ஊழியர்கள் நவம்பரில் வேலைநிறுத்தம் செய்தார்கள். நாமோ முகநூலில் லைக் போட்டதோடு சரி.

வெள்ளைக்காரன் கட்டடத்தில் படுத்துத் தூங்க இந்த டவுனில் இடமா இல்லை? கவர்னர் பார்ன்ஸ் இருந்த பங்களா கிராண்ட் ஹோட்டலாகிவிட்டது. ஹில் கிளப்பும் இருக்கிறது. கொழுந்து பறித்துவிட்டு வரும் ஒரு தாய் அந்த வாசல்களில் கால் வைப்பாளா? தபாலகத்துக்குள் அவள் சேற்றுக் காலோடு போய், வரிசையில் நின்று, முத்திரை வாங்கிக்கொண்டு வருகிறாள். உனக்கு இங்கே என்ன வேலை என்று அவளை ஒருவரும் கேட்க முடியாது.

1964 ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று இரண்டு பிரதமர்கள் கையெழுத்து வைத்தார்கள். அண்ணன் நீலகிரியில், தங்கை இங்கே லயத்தில் என்று எத்தனை குடும்பங்கள் பிரிந்தன! போன் இல்லாத அந்தக் காலத்தில் சாவுச் செய்தியும் கல்யாணச் செய்தியும் கடிதத்தில்தான் வந்தன.

இப்போது யார் கடிதம் எழுதுகிறார்கள் என்பார்கள். வங்கி எழுதுகிறது, நீதிமன்றம் எழுதுகிறது, வேலைக்கான நேர்முகத் தேர்வுக் கடிதமும் தபாலில்தான் வருகிறது. ஆனால் பல தோட்டங்களில் அது லயத்து வாசலுக்கு வருவதில்லை, தோட்டக் காரியாலயத்தோடு நின்றுவிடுகிறது. நம்மிடம் படித்த பிள்ளைகளுக்கு நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு கடிதம் கைக்குக் கிடைத்திருக்கிறது. வீட்டுக்கு இலக்கமும் இல்லை, விலாசமும் இல்லை. 2023இல் மலையகம் 200 என்று மேடை போட்டுப் பேசியவர்களில் எத்தனை பேர் இதைப் பேசினார்கள்?

கோபுரம் நிற்கட்டும், அதன் கீழே தபாலகம் தபாலகமாகவே நடக்கட்டும். அங்கிருந்து புறப்படுகிற கடிதம் லயத்து வாசலுக்கு வரவேண்டும். அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம், லயத்து வீடுகளுக்கு எப்போது இலக்கம் போடுவீர்கள் என்று கேளுங்கள். வாயால் கேட்டால் மறந்துவிடுவார்கள், எழுதியே கொடுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பினால் இன்னும் நல்லது.