மலையைக் குடைந்தது யார்? பாதையை ஆள்வது யார்?

சுவிட்சர்லாந்துக்குக் கடல் இல்லை. துறைமுகம் தேடினால் ரைன் ஆற்றங்கரையில் உள்ள பாசல் நகரம்தான் உண்டு. தெற்கே ஆல்ப்ஸ் மலை மதிலென மறித்து நிற்கிறது. அத்தகைய நாட்டில் மலைச்சரிவுச் சிற்றூர்வரை இரயில் ஓடுகிறது. குறித்த நேரத்தில் ஓடுகிறது. இதைக் காட்டி, "பார்த்தீர்களா, தனியார் முதலின் திறமையை!" என்று மார்தட்டுவோர் உண்டு. வரலாறு கூறுவதோ வேறு.

1872இல் கோட்ஹார்டு மலையைக் குடையத் தொடங்கியது தனியார் நிறுவனம்தான். ஆனால், அது தன் காலில் நின்றதா? இல்லை! சுவிட்சர்லாந்து, இத்தாலி, ஜெர்மனி ஆகிய மூன்று நாடுகளின் மானியம் அதைத் தாங்கி நின்றது. 15 கிலோமீட்டர் நீளச் சுரங்கத்தைக் குடைந்தவர்கள் பெரும்பாலும் இத்தாலிய ஏழைத் தொழிலாளர்கள். புகையும் புழுக்கமும் சூழ்ந்த இருளில் உழைத்த அவர்கள், 1875இல் நல்ல காற்றும் நியாயமான கூலியும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். கிடைத்தது என்ன? துப்பாக்கிக் குண்டு! நால்வர் மாண்டனர். 1882இல் அந்தப் பாதை திறக்கப்பட்டது.

இலாபம் ஒரு சிலருக்கு, இழப்பு ஊருக்கு என்ற ஏற்பாட்டை மக்கள் எத்தனை நாள் பொறுப்பர்? 1898 பிப்ரவரி 20ஆம் நாள் பொதுவாக்கெடுப்பு நடந்தது. ஆண்களுக்கு மட்டுமே வாக்குரிமை இருந்த காலம் அது. வாக்களித்தோரில் மூன்றில் இரு பங்கினருக்கு மேல் "பெரும் இரயில் பாதைகள் நாட்டுடைமை ஆகட்டும்!" என்று தீர்ப்பளித்தனர். 1902இல் கூட்டாட்சி இரயில்வே இயங்கத் தொடங்கியது. 1909இல் கோட்ஹார்டு பாதையும் அதன் கைக்கு வந்தது. முதல் உலகப் போரில் நிலக்கரிக்குத் தவித்த நாடு, தன் மலையருவிகளை மின்சாரமாக்கி இரயிலை ஓட்டியது. அடுத்த காலாண்டின் இலாபத்தை எண்ணுவோர் செய்யும் வேலையா இது?

பின்னர், லாரிகள் மலைப்பள்ளத்தாக்குகளைப் புகையால் நிரப்பின. மக்கள் மீண்டும் வாக்குச்சீட்டை ஏந்தினர். 1992இல் புதிய சுரங்கங்களுக்கு இசைந்தனர். 1994இல், மலையைக் கடந்து செல்லும் அயல்நாட்டுச் சரக்கு இரயிலுக்கு மாற வேண்டுமென அரசியலமைப்பிலேயே எழுதினர். 1998இல் கனரக லாரிக்கு எடையும் தூரமும் பார்த்துக் கட்டணம் விதிக்க இசைந்தனர். அந்தப் பணத்தின் பெரும்பகுதி இரயில் பாதைக்குச் சென்றது. 2016இல் திறக்கப்பட்ட 57 கிலோமீட்டர் நீளக் கோட்ஹார்டு அடிவாரச் சுரங்கம் இவ்வாறு பிறந்ததே! அதிலும் ஒன்பது தொழிலாளர்களின் உயிர் புதைந்திருக்கிறது. அதை மறப்பது நன்றியன்று.

எல்லாம் முடிந்துவிட்டதா? இல்லை. 2000இல் ஆல்ப்ஸைக் கடந்த லாரிகள் சுமார் 14 இலட்சம். 2023இல் சுமார் 9 இலட்சம். சட்டம் வகுத்த இலக்கோ 6.5 இலட்சம். இலக்கு எட்டப்படாததைக் காட்டி, "கட்டணமும் வீண், இரயிலும் வீண்" என்பார்கள். பாதித் தூரம் கடந்தவனைத் திரும்பிப் போ என்பது அறிவுடைமையா? 2024 நவம்பரில் நெடுஞ்சாலைகளை அகலப்படுத்தும் திட்டம் வந்தபோது, வேண்டாம் என்று மறுத்தனர் அந்நாட்டு மக்கள்.

தோழர்களே! பாதை அமைப்பது பொறியாளரின் கலை. ஆனால் அது எங்கே போக வேண்டும், எவருக்காகப் போக வேண்டும் என்பது அரசியல். அந்த முடிவை முதலாளியின் கணக்கேட்டிடம் ஒப்படைக்காமல், தன் கையில் வைத்துக்கொண்ட மக்களுக்கே மலை வழிவிட்டது!