சேர்வராயன் மலை ஆரஞ்சும் நாற்றின் பிறப்பும்

சேலம் ஜில்லாவில், ஏறத்தாழ 5,300 அடி உயரத்திலுள்ள சேர்வராயன் கோயிலைச் சூழ்ந்த மலைத் தோட்டங்களில், காப்பிச் செடிகளுக்கூடே கமலா ஆரஞ்சு மரங்களும் வளர்க்கப்படுகின்றன. ஆரஞ்சு நடுவோருள் கன்றின் விலையை விசாரிப்போர் பலர். அதன் தாய்மரத்தை விசாரிப்போர் சிலரே. இவ்வழக்கம் பெருநஷ்டத்துக்கு இடந்தருவது.

‘ட்ரிஸ்டெஸா’ என்னும் வைரஸ் நோயின் வரலாறே இதற்குத் தக்க சான்று. போர்த்துக்கீசிய மொழியில் அச்சொல்லுக்குத் துயரம் என்பது பொருள். ஆரஞ்சு வர்க்கத்தின் தாயகமாகிய ஆசியாவில் இவ்வைரஸ் நெடுங்காலமாக மரங்களோடு உடனுறைந்து வந்ததென்று கருதப்படுகிறது. பூர்வத்தில் இம்மரங்கள் பெரும்பாலும் விதையாகவே கடல் கடந்தன. விதை வழியே இவ்வைரஸ் பரவாது. உயிர்ச்செடிகளைக் கப்பலேற்றத் தொடங்கிய பின்னரே அது தேசாந்தரம் சென்றது. 19-ம் நூற்றாண்டில் வேரழுகலுக்கு அஞ்சிய பல தேசத்தார் கசப்பு ஆரஞ்சு வேர்ச்செடியின்மேல் ஒட்டுக் கட்டினர். அந்த ஒட்டு மரங்களே வைரஸுக்கு இரையாயின. 1930-ம் ஆண்டுகள் தொடங்கி அர்ஜென்டினாவிலும் பிரேஸிலிலும் அவை இலட்சக்கணக்கில் மடிந்தன. செடிப்பேன் இந்நோயைப் பரப்புவது பிரேஸிலில் 1946-ல் நிரூபிக்கப்பட்டது. இந்தியாவில், பம்பாய் ராஜ்யத்தில் இந்நோய் உள்ளதை வாசுதேவாவும் கபூரும் 1958-ல் வெளியிட்டனர்.

ஒரே மரத்தில் இவ்வைரஸின் மந்த வகையும் கொடிய வகையும் சேர்ந்து குடியிருப்பதும், அவை தம்முள் கலந்து புதுவகை தோன்றுவதும் உண்டு. விதையிலிருந்து எழுந்த கமலா மரம் பெரும்பாலும் இதைத் தாங்கி நிற்கும். அபாயம் இங்கேதான் உள்ளது. இலை பசுமையாயிருக்கக் கண்டு, ஒட்டுக் கட்டுவோர் அம்மரத்திலேயே மொட்டு எடுக்கின்றனர். நூறு கன்றுகளில் நோய் ஏறிவிடுகிறது. செடிப்பேன் உறிஞ்சிய வைரஸ் அதனிடம் ஓரிரு நாளே தங்கும். ஒட்டுக்கழியோ உயிருள்ளமட்டும் அதைச் சுமந்து கடலையும் தாண்டும்.

மலையில் ஆரஞ்சு நலிவதற்கெல்லாம் இதுவே காரணமென்பது நியாயமன்று. வேரழுகலும் எருக்குறைவும் மரத்தை வாட்டுவனவே. இலை மஞ்சளித்த மரத்தையெல்லாம் வெட்டச் சொல்வது பேதைமை.

கமலா விதை ஒன்றில் பல முளைகள் தோன்றும். அவற்றுள் பெரும்பாலானவை தாயை ஒத்தவை. அவற்றைச் செடிப்பேன் புகாத வலைக்கூண்டில் வளர்த்தல் நன்று. முள் மிகுதியும் காய்ப்பில் தாமதமும் பொறுத்தேயாக வேண்டும். ஒட்டுக்கன்றே வேண்டுமாயின், தாய்மரத்தின் மொட்டை முதலில் எலுமிச்சை நாற்றில் கட்டிச் சோதித்தல் அவசியம். நோயுள்ளதாயின், எலுமிச்சையின் இளந்தளிரை வெளிச்சத்துக்கெதிரே பிடிக்கையில் நரம்புகள் துண்டு துண்டாய் வெளுத்துத் தோன்றும். இச்சோதனையின் தேதியை நாற்று விற்போர் கன்றோடு எழுதித் தரல் வேண்டும். தராதவரிடம் வாங்காதிருப்பது குடியானவர் கையிலுள்ளது.