பின்விளக்கும் பழைய பிடியாணையும்

மோட்டார் சைக்கிளின் பின்விளக்கு எரியவில்லை என்று பொலிசார் வீதியில் மறிக்கிறார்கள். சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கிப் பார்ப்பதோடு, அந்தப் பெயரில் ஏதாவது பிடியாணை நிலுவையில் உள்ளதா என்றும் விசாரிக்கிறார்கள். இந்த அதிகாரம் பொலிசாருக்கு வேண்டுமா? வேண்டும் என்றே நாம் கருதுகிறோம். கொலை வழக்கில் தலைமறைவான ஒருவரைத் தண்டச்சீட்டோடு அனுப்பிவிடும்படி யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால், அந்தப் பட்டியலில் யாருடைய பெயர்கள் கிடக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டுமல்லவா?

ஐக்கிய அமெரிக்காவில் இக்கேள்வி நன்றாக அலசப்பட்டிருக்கிறது. போக்குவரத்துக் குற்றத்துக்காக மறித்தவரிடம் அனுமதிப்பத்திரத்தையும் பிடியாணையையும் சரிபார்க்கலாம், ஆனால் அந்த வேலை முடிந்த பின் மோப்பநாய்ச் சோதனைக்காக ஏழெட்டு நிமிடம்கூட மறித்துவைக்க, தக்க சந்தேகம் வேண்டும் என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே அதே மன்றம் வேறு வழியில் சென்றது. தக்க காரணமின்றி மறிக்கப்பட்ட ஒருவரின் பெயரில் சிறு போக்குவரத்துக் குற்றத்துக்கான பழைய பிடியாணை இருந்ததால், அவரைச் சோதித்து எடுத்த சான்று செல்லும் என்றது. பிழையாக மறித்ததைப் பிடியாணை சரியாக்கிவிட்டது! ஐவர் இசைய, மூவர் மறுத்தனர்.

மறுத்தவர்களுள் ஒருவரான நீதியரசர் சோட்டோமேயர், மிசூரி மாநிலத்தின் பேர்குசன் நகரைச் சுட்டிக்காட்டினார். அங்கு சனத்தொகை 21,000. நிலுவையில் பிடியாணை உள்ளவர்களோ, வெளியூரார் உட்பட, 16,000 பேர். அமெரிக்க நீதித் திணைக்களம் 2015இல் வெளியிட்ட அறிக்கையில் ஒரு பெண்ணின் கதை வருகிறது. 2007இல் வாகனத்தைப் பிழையான இடத்தில் நிறுத்தியதற்கு அவருக்கு விதிக்கப்பட்டது 151 டொலரும் கட்டணங்களும். தவணைகளுக்குச் செல்லாததால் பிடியாணை. ஆறு நாள் சிறையிருந்து, 550 டொலர் கட்டிய பின்னும், 2014 இறுதியில் அவர் இன்னும் 541 டொலர் கடன்காரர். அவர் செய்த குற்றம் வறுமைதானே?

எமது கிராமங்களுக்கு இது தூரத்துக் கதையல்ல. விறகு வெட்டிய வழக்கு, வேலிச் சண்டை, யாருக்கோ பிணை நின்ற வழக்கு என்று நீதிமன்றம் சென்றவர்கள், பஸ்ஸுக்குக் காசில்லாமலோ, அழைப்பாணையின் மொழி விளங்காமலோ, இடம்பெயர்ந்ததாலோ தவணையைத் தவறவிடுகிறார்கள். பிடியாணை பிறக்கிறது. நீதிமன்றம் அதை நீக்கும்வரை, ஆண்டுகள் பல சென்றாலும் அது உயிரோடிருக்கும். வெள்ளிக்கிழமை பின்னேரம் பிடிபட்டால் வீட்டார் படும்பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை.

கைதுக்கான காரணத்தைக் கைதாகுபவருக்குத் தெரிவிக்க வேண்டுமென்று எமது அரசியலமைப்பின் 13(1)ஆம் உறுப்புரை கூறுகிறது. பிடியாணையின் சாரத்தைச் சொல்லவும், கேட்டால் அதைக் காட்டவும் வேண்டும் என்பது 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் ஏற்பாடு. வீதியில் நிற்கும் உத்தியோகத்தரிடம் இருப்பதோ வெறும் பெயர். ஒரே பெயரில் ஓர் ஊரில் எத்தனை பேர்! ஆகவே, எந்த நீதிமன்றம், என்ன வழக்கிலக்கம் என்பவை உறுதியாகும் முன் எவரையும் ஏற்றிச் செல்லலாகாது. சிறு வழக்குகளில் பிடியாணைக்கு முன் இன்னொரு தவணை கொடுப்பதை நீதவான்கள் வழக்கமாக்கலாம்.

தவணை தவறவிட்ட வாசகர்கள் வீதியில் பிடிபடும்வரை காத்திருக்க வேண்டாம். சட்டத்தரணி மூலம் நகர்த்தல் பத்திரம் இட்டு, தாமே மன்றில் தோன்றி, பிடியாணையை மீளப்பெறும்படி கேட்கலாம். கையில் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தை நாடலாம். பழைய அழைப்பாணையோ பிணைப் பத்திரமோ வீட்டில் இருந்தால் தேடி எடுத்துச் செல்லுங்கள். வழக்கிலக்கம் அதில் இருக்கும்.