லயன் கூரைக்கு உடையவன் யார்?

கொழும்பு மாநகரில் வாடகை வீட்டிற் குடியிருக்கும் ஒருவனுடைய கூரை ஒழுகினால், அவன் செய்யத்தக்கது யாதென்று சட்டம் பயின்ற எவரும் ஐந்து நிமிடத்திற் சொல்லிவிடலாம். வீட்டுக்காரனுக்கு எழுத்தில் அறிவித்தல் கொடுக்கலாம். குடியிருக்கத்தக்க நிலையில் வீட்டைக் கையளிப்பதும், அந்நிலையில் அதனைக் காப்பதும் வீட்டுக்காரன் கடமையென்பது நம் நாட்டிற் பொதுச் சட்டமாய் வழங்கும் ரோமன் டச்சுச் சட்டத்தின் பழைய விதி. 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் பொருந்தும் வீடாயின் வாடகைச் சபையின் கதவையும் தட்டலாம். வழக்கு இழுபடலாம், வீட்டுக்காரன் வம்பனாயிருக்கலாம், வாடகைக்காரன் இறுதியில் மூட்டை கட்டவும் நேரலாம். ஆயினும் யாரிடம் கேட்பது என்ற ஐயம் மட்டும் அவனுக்கில்லை. வாடகைப் பற்றுச்சீட்டில் வீட்டுக்காரனின் பெயர் இருக்கிறது.

நிற்க. மலைநாட்டுக்கு வருவோம்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், நுவரெலியா மாவட்டத்துத் தோட்டமொன்றிற் கூட்டம் முடித்துத் திரும்புகையில், ஓர் அம்மையார் என்னைத் தமது காம்பராவுக்குள் அழைத்தார். பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னே ஓர் இஸ்தோப்பு. உள்ளே புகை படிந்த அடுப்படி. கூரைத் தகரம் துருவேறிச் சல்லடையாகியிருந்தது. காற்று அள்ளிக்கொண்டு போகாதிருக்க அதன்மேற் கற்களும் பழைய டயர்களும். கட்டிலுக்கு மேலே ஒரு தறப்பாள். அதில் தேங்கும் நீரை இரவில் இருமுறை எழுந்து சாய்த்து ஊற்றுவது மூத்த மகளின் வேலை. அப்பிள்ளைக்கு அவ்வாண்டு சாதாரண தரப் பரீட்சை.

“துரைகிட்டச் சொன்னோம், தலைவர்கிட்டச் சொன்னோம், மூணு மழை போயிருச்சுங்க ஐயா” என்றார். “எழுதிக் கொடுத்தீர்களா, அம்மா?” என்றேன். “யாருக்குன்னு எழுதுறதுங்க?” என்று திருப்பிக் கேட்டார்.

இருபது ஆண்டுகள் வழக்காடியும் நான் எதிர்கொள்ளாத வினா அது. அதற்கு விடை தேடிப் புறப்பட்டால் இந்நாட்டின் அரைநூற்றாண்டு வரலாற்றைத் துருவ வேண்டியிருக்கிறது. 1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும், அதற்கு 1975 இல் வந்த திருத்தமும் வெள்ளையர் கம்பெனிகளின் தோட்டங்கள் உட்படப் பெருந்தோட்டங்களை அரசின் கைக்குக் கொண்டுவந்தன. அவற்றின் பெரும்பகுதியை மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் நடத்தின. 1992 இல் நிர்வாகம் பிராந்தியக் கம்பெனிகளுக்கு மாறியது. பின்னர் அதுவே நீண்டகாலக் குத்தகையாயிற்று. அதே 1992 இல், வீடமைப்பையும் நலத்தையும் கவனிக்கவென ஒரு நம்பிக்கை நிதியம் பிறந்தது. இன்று பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என வழங்குவது அதுவே. ஆக, மண் அரசினுடையது, குத்தகை கம்பெனியினுடையது, வீடமைப்பு நிதியத்தினுடையது, ஒழுக்கு மட்டும் தொழிலாளியினுடையது.

துரையைக் கேட்டால் நிதியத்தைக் காட்டுகிறார். நிதியம் அமைச்சைக் காட்டுகிறது. அமைச்சோ, குத்தகைக்காரனாகிய கம்பெனியன்றோ பராமரிக்க வேண்டும் என்கிறது. பிரதேச சபையை அணுகினால் என்ன? 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளிற் சபைப் பணம் செலவாவதற்கு முப்பதாண்டுக் காலம் முட்டுக்கட்டையாய் நின்றது. தொழிலாளி வாக்களித்துச் சபையை அமைக்கலாம். அச்சபை அவன் வாசற்படிக்கு ஒரு கல் போடலாகாது! 2018 இலேதான் அப்பிரிவு திருத்தப்பட்டது. திருத்தம் வந்தபின்னும் எத்தனை சபைகள் லயன் வாசலை மிதித்தன என்பதை அவ்வச்சபை உறுப்பினர்களே சொல்லட்டும். அவர்களுட் பலர் நம்மவரே.

“லயனில் இருப்பவன் வாடகை கொடுக்கவில்லையே, பிறகு எப்படிப் பழுதுபார்க்கக் கேட்பான்?” என்று கம்பெனிப் பக்கத்து அன்பர்கள் வாதிப்பதுண்டு. கெட்டிக்கார வாதந்தான். ஆனால் சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் இதே அன்பர்கள் என்ன சொல்கிறார்கள்? நாட்கூலி குறைவன்று, வீடு இலவசமாகத் தருகிறோம், அதனையும் சேர்த்துக் கணக்கிடுங்கள் என்கிறார்கள். கூலியைக் குறைப்பதற்குக் காட்டிய தொகை வாடகையன்றி வேறென்ன? வாடகை பெறும்போது வீட்டுக்காரன், கூரை ஒழுகும்போது தருமவான் என இரு வேடம் ஒருவருக்குப் பொருந்தாது.

அவர்கள் கூறும் இன்னொரு காரணத்தில் உண்மையும் உண்டு. லயன்களில் வாழ்வோரிற் பலர் இன்று தோட்டத்தில் வேலை செய்வதில்லை. கொழும்பிலே கடைகளிலும் வீடுகளிலும் உழைக்கின்றனர். தம் தொழிலாளியல்லாதவனுக்குக் கம்பெனி ஏன் தகரம் வாங்க வேண்டும்? நியாயமே. அப்படியானால் அவ்வீட்டின்மேலுள்ள பிடியை விட்டுவிடட்டும். வீட்டையும் அடிநிலத்தையும் குடியிருப்பவன் பெயருக்கு எழுதட்டும். அவன் தன் கூரையைத் தானே வேய்ந்துகொள்வான். அதுவுமில்லை. சொந்தப் பணத்தில் ஒரு சுவர் எழுப்பினாலும், அனுமதி பெற்றாயா என்று நிர்வாகத்தின் கடிதம் வந்து நிற்கிறது. வீட்டுக்காரன் தட்டிக்கழித்த அவசியமான பழுதை நகரத்து வாடகைக்காரன், முறைப்படி அறிவித்தபின், தானே பார்த்து அச்செலவைக் கோரச் சட்டத்தில் வழியுண்டு. லயனில் அதைச் செய்தவன் அத்துமீறியவன் ஆகிறான்.

சட்டம் முற்றிலும் ஊமையன்று. 1912 ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம், லயன்களையும் அவற்றின் சுற்றாடலையும் சுகாதாரமான நிலையில் வைத்திருத்தல் தோட்ட அத்தியட்சரின் கடமையென்கிறது. அன்னியன் ஆண்ட காலத்தில், கூலி நோயிற் படுத்தால் கொழுந்து குறையும் என்ற கணக்கிற் பிறந்த விதி அது. அக்கணக்கு எதுவாயினும் கடமை கடமையே. 1971 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தோட்டக் குடியிருப்புச் சட்டமோ, வேலை முடிந்தது என்பதற்காகத் தொழிலாளியை நீதிமன்றக் கட்டளையின்றி வெளியேற்ற இயலாதென்கிறது. முறையிட்டால் காம்பராவைப் பறித்துவிடுவார்கள் என்று அஞ்சி வாய்மூடியிருக்கும் தாய்மாருக்கு இவ்வொரு செய்தியையாவது நம் தொழிற்சங்கங்கள் வீடுவீடாகச் சொல்லியிருக்க வேண்டாமா?

சொல்லவில்லை. அதற்குப் பதிலாகத் தகரம் கொடுத்தோம். தேர்தல் நெருங்க லொறியில் தகரம் வருகிறது, தலைவர் வருகிறார், மாலை விழுகிறது, பத்திரிகையிற் படம் வருகிறது. ஒரு லயனில் நம் கட்சிக்காரன் காம்பராவுக்குத் தகரம், அடுத்த காம்பராவுக்கு இல்லை. ஒரே முகட்டின் கீழ் இருக்கும் வரிசையில் ஒரு துண்டை மட்டும் மாற்றினால் மழை அடுத்தவன் வீட்டில் இறங்கும் என்பது கூரை வேய்பவனுக்குத் தெரியும். நம் தலைவர்களுக்குத் தெரியவில்லை. இக்குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. அத்தகைய மேடைகளில் நானும் அமர்ந்திருக்கிறேன். இருபது தகரத்துக்கு நன்றி சொல்லப் பழகிய லயன், கடமைப்பட்டவனிடம் கணக்குக் கேட்க மறந்துபோயிற்று.

அம்மறதிக்கு விலையும் கொடுத்தோம். பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தை லயன்கள் 2014 அக்டோபர் 29 ஆம் நாட் காலையில் மண்ணுள் மறைந்தன. அந்த மலைச்சரிவு ஆபத்தானது, மக்களை அகற்றுங்கள் என்ற எச்சரிக்கை 2005 இலும் 2011 இலும் கொடுக்கப்பட்டிருந்தது. எச்சரித்தவர் இருந்தனர், எச்சரிக்கப்பட்டவர் இருந்தனர், வீட்டை மாற்றிக் கொடுப்பது என் பொறுப்பு என்று கையெழுத்திட ஒருவரில்லை. 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டைப் புரட்டியபோதும், எங்கே போவது, யார் இடம் தருவது என்ற அதே கேள்விதான் லயன் வாசல்களில் நின்றது.

ஆதலின் உடனடியாக ஒரு காரியம். தென்மேற்குப் பருவமழை மே மாதத்திற் கால்கொள்ளும். அதற்கு முன்னர் ஒவ்வொரு லயனும் விண்ணப்பம் எழுத வேண்டும். ஒரு குடும்பம் எழுதினால் அது குறை; லயன் முழுவதும் கையெழுத்திட்டால் அது கோரிக்கை. எந்தக் காம்பரா, என்ன பழுது, எப்போது முதல் என்று குறிக்க வேண்டும். தோட்ட அத்தியட்சருக்கு மூலப்பிரதி. கம்பெனித் தலைமையகம், நிதியம், பிரதேச சபை, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பிரதேச செயலாளர் ஆகியோருக்குப் பிரதிகள். அனைத்தும் பதிவுத் தபாலில். சுவரிலோ நிலத்திலோ வெடிப்பிருந்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிசோதனையையும் கோர வேண்டும். தமிழிலேயே எழுதுக. தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியென்று அரசியலமைப்பிலே எழுதியிருக்கிறது. அந்த அம்மையாரின் லயனிலிருந்து இருபத்திரண்டு கையெழுத்துடன் போன கடிதத்துக்குப் பதில் ஆங்கிலத்தில் வந்தது; ‘உரிய தரப்புக்கு அனுப்பப்பட்டுள்ளது’ என்பதே அதன் சாரம். உரிய தரப்பு யாரென்று கேட்டு மறுகடிதம் போயிருக்கிறது.

அவ்விண்ணப்பத்தின் கடைசிப் பந்தியில் இன்னொன்றையும் சேர்த்தோம். பழுதைப் பார்த்துத் தருக. இயலாதெனில் இவ்வீட்டுக்கு ஈடாக ஏழு பேர்ச் காணியை உறுதியுடன் தருக. ஏழு பேர்ச் என்பது நாம் கற்பனையில் வைத்த அளவன்று; அரசாங்கமே மேடைகளில் ஒத்துக்கொண்ட அளவு. மாதிரிப் படிவம் வேண்டுவோர் தம் தோட்டத்தின் பெயரைக் குறித்து இவ்விதழ் அலுவலகத்துக்கு எழுதினால் இலவசமாக அனுப்பிவைக்கப்படும்.