சுங்கம் தவிர்த்த சோழனும் சுங்கம் விதித்த பிரஸிடெண்டும்

அரியலூர் ஜில்லாவில், ஜயங்கொண்டத்துக்குச் சமீபத்தில், கங்கைகொண்ட சோழபுரம் என்னும் சிற்றூர் இருக்கிறது. இன்று அங்கே ஒரு பெரிய கோயிலும், மாளிகைமேடு என்று பெயர் வழங்கும் சில செங்கல் அஸ்திவாரங்களும், வயல்களுமே உள்ளன. ஆனால் இராஜேந்திர சோழன் காலந்தொட்டு ஏறக்குறைய 250 ஆண்டுகள் அது ஒரு பேரரசின் தலைநகராக விளங்கிற்று. இக்காலத்து வாஷிங்டன் எப்படியோ அப்படி!

2025-ஆம் வருஷம் ஜூலை 27-ஆம் தேதி பாரதப் பிரதமர் அவ்வூருக்கு விஜயம் செய்தார். இராஜேந்திரனுடைய கப்பற்படை கீழ்க்கடல் நாடுகளுக்குச் சென்று ஆயிரம் ஆண்டு நிறைந்ததைக் கொண்டாடும் ஆடித் திருவாதிரை விழா அது. இராஜேந்திரன் நினைவாக நாணயமும் வெளியிடப்பட்டது. சரியாக ஒரு மாதம் கழித்து, ஆகஸ்ட் 27-ஆம் தேதி, இந்தியச் சரக்குகள் பலவற்றின் மீது அமெரிக்கப் பிரஸிடெண்ட் டிரம்ப் விதித்த வரி 50 சதவிகிதமாக ஏறிற்று. அதில் பாதி, நாம் ருஷியாவிடம் எண்ணெய் வாங்கியதற்குத் தண்டனையாம்.

வாஷிங்டனில் ஒரு கையெழுத்து விழுந்தால் பெரம்பலூர் ஜில்லாவின் கரிசல் காட்டுக்கு என்ன வந்தது என்று சிலர் கேட்கலாம். வந்தது மிகவும் உண்டு. திருப்பூர்ப் பின்னலாடை ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குச் செல்வது. வரி வருகிறது என்றதும் அங்குள்ள முதலாளிகள் கலங்கினார்கள். பஞ்சாவது மலிவாகக் கிடைக்கட்டும் என்று டில்லியை நோக்கி முறையிட்டார்கள். டில்லி சர்க்காரும் ஆகஸ்ட் 19 முதல், அயல்நாட்டுப் பஞ்சின் மீதிருந்த 11 சதவிகித இறக்குமதித் தீர்வையை நிறுத்தி வைத்தது. முதலில் செப்டம்பர் முடிய என்றார்கள். பிறகு டிசம்பர் முடிய என்றார்கள். பெரம்பலூர்ச் சீமையிலோ அது மானாவாரிப் பருத்தி விதைக்கும் பருவம். வானத்தை நம்பி விதை போட்ட வேப்பந்தட்டைக் குடியானவன், இனிமேல் வானத்தோடு வாஷிங்டனையும் அண்ணாந்து பார்க்க வேண்டியதாயிற்று!

அது மட்டுமா? பெரம்பலூர் ஜில்லா எறையூரில் அமெரிக்காவின் ‘க்ராக்ஸ்’ காலணிகள் செய்யும் தொழிற்சாலை 2023 நவம்பரில் திறக்கப்பட்டது. ஜயங்கொண்டத்தில் 1,000 கோடி ரூபாய் முதலீட்டில், 15,000 பேருக்கு வேலை என்ற எதிர்பார்ப்புடன், தைவான் தேசத்துக் கம்பெனி ஒன்றின் காலணித் தொழிற்சாலைக்கு 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். வேறு தொழில் அறியாத இவ்விரு ஜில்லாக்களின் பெண்மக்கள் மாதச் சம்பளம் என்பதைக் கண்ணால் காணும் காலம் இப்போதுதான் வந்திருக்கிறது. ஆகையால், அமெரிக்காவின் வல்லமை ஏறுகிறதா இறங்குகிறதா என்பது நமக்கு வெறும் திண்ணைப் பேச்சு அன்று.

இரண்டாவது உலக யுத்தம் முடிந்தபோது, உலகத் தொழிற்சாலைகளின் உற்பத்தியில் ஏறக்குறையப் பாதி அமெரிக்காவினுடையதாய் இருந்தது. அந்தப் பங்கு பிறகு வெகுவாகக் குறைந்துவிட்டது. மற்ற தேசங்கள் எழுந்து நடக்கத் தொடங்கினால் ஒரு தேசத்தின் பங்கு குறைவது இயற்கை. அதில் அவமானம் ஒன்றுமில்லை. ஆனால் அமெரிக்கத் தொழிலாளி பட்ட கஷ்டமும் பொய்யன்று. 2000-ஆம் ஆண்டில் அங்கே தொழிற்சாலைகளில் வேலை செய்தவர் சுமார் 1 கோடியே 70 லட்சம் பேர். 2010-ல் சுமார் 1 கோடியே 15 லட்சம் பேர். ஆலை மூடிய ஊர்களில் கடையும் மூடிற்று, மனமும் கசந்தது. ஈராக் யுத்தமும், 2008-ஆம் வருஷத்துப் பண நெருக்கடியும் அந்தக் கசப்பை வளர்த்தன. படித்த பெரிய மனிதர்கள் அந்த ஊர்களை எட்டிப் பாராமல் இருந்தார்கள்.

அந்தக் கசப்பை அறுவடை செய்து கொண்டவர்கள்தாம் தீவிர வலதுசாரிகள். அவர்களுடைய சித்தாந்தம் மிகச் சுருக்கமானது. முன்பு நாம் மகத்தானவர்களாக இருந்தோம். அந்நியரும் துரோகிகளும் நம்மைக் கெடுத்தார்கள். ஒரு பலசாலி வந்து எல்லாவற்றையும் மீட்பான். 2021 ஜனவரி 6-ஆம் தேதி, தேர்தல் முடிவை ஒப்பாத கூட்டம் வாஷிங்டன் பார்லிமெண்டு மாளிகைக்குள் புகுந்து கலகம் விளைத்தது. 2025 ஜனவரி 20-ஆம் தேதி, திரும்பவும் பதவியேற்ற முதல் நாளே, அந்தக் குற்றத்துக்காகப் பிடிக்கப்பட்ட சுமார் 1,500 பேருக்கு டிரம்ப் மன்னிப்பு அளித்தார். இந்தக் காற்று அமெரிக்காவில் மட்டும் வீசவில்லை. ஜெர்மனியில் 2025 பிப்ரவரித் தேர்தலில் தீவிர வலதுசாரிக் கட்சி ஐந்தில் ஒரு பங்கு வாக்குகளைப் பெற்று இரண்டாவது இடத்துக்கு வந்தது.

இது முற்றும் புதிதும் அன்று. 1930-ல் அமெரிக்கா இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட பொருள்கள் மீது சுங்கத்தை உயர்த்தியது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பொருளாதார நிபுணர்கள் வேண்டாமென்று கெஞ்சியும் பிரஸிடெண்ட் ஹூவர் கையெழுத்திட்டார். மற்ற தேசங்களும் பதிலுக்குச் சுவர் எழுப்பின. உலக வியாபாரம் சில வருஷங்களுக்குள் மூன்றில் ஒரு பங்காய்ச் சுருங்கிற்று. வேலையில்லாத் திண்டாட்டத்தில் தவித்த ஜெர்மனியில் 1933-ல் ஹிட்லர் பதவிக்கு வந்தான்.

அமெரிக்காவின் உண்மையான பலம் எங்கே இருந்தது? அணுகுண்டில் ஓரளவு இருந்தது. பால் மாவிலும் ஓரளவு இருந்தது! காமராஜர் காலத்து மத்தியான உணவுத் திட்டத்துக்கு 1961 முதல் ‘கேர்’ என்னும் ஸ்தாபனத்தின் வாயிலாக அமெரிக்க உணவுப் பொருள்கள் வந்தன. அவற்றை உண்டு எழுத்தறிந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். அந்த நல்லெண்ணத்தை எந்தக் கப்பற்படையாலும் வாங்க முடியாது. அதே அறுபதுகளில் பஞ்ச காலத்தில் பிரஸிடெண்ட் ஜான்ஸன் கோதுமையை மாதக் கணக்கில் அளந்து அனுப்பி, நம்மைக் கயிற்றில் கட்டி வைத்தார். அந்தக் கயிறு உறுத்தியதனால்தான் சி. சுப்பிரமணியம் போன்றவர்கள் நம் வயலிலேயே விளைச்சலைப் பெருக்க முனைந்தார்கள். அன்பால் கட்டியது நிலைத்தது. கயிற்றால் கட்டியது அறுந்தது. 2025 ஜூலையில் அமெரிக்காவின் அயல்நாட்டு உதவி ஸ்தாபனத்தையே இழுத்து மூடிவிட்டார்கள். வல்லமை குறைகிறதே என்று கூச்சலிட்டுப் பதவிக்கு வந்தவர்கள், வல்லமையின் வேரைத் தங்கள் கையாலேயே வெட்டுகிறார்கள்.

இனி கங்கைகொண்ட சோழபுரத்துக்குத் திரும்புவோம். 1070-ல் அங்கே பட்டம் சூடிய முதலாம் குலோத்துங்கன் இராஜேந்திரனின் மகள் வயிற்றுப் பேரன். தந்தை வழியில் வேங்கிச் சாளுக்கியன். இரத்தக் கலப்பைக் கண்டு அஞ்சும் இக்காலத்து வீரர்கள் அவனை அரண்மனை வாசலிலேயே தடுத்திருப்பார்கள்! அவன் காலத்தில் இலங்கை கைவிட்டுப் போயிற்று. கடைசியில் கங்கபாடியும் வேங்கியும் போயின. ஆக, அவனும் சுருங்கி வந்த வல்லரசின் தலைவனே. அவன் என்ன செய்தான்? சுங்கத்தை ஏற்றவில்லை, நீக்கினான். ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று பெயர் பெற்றான். 1077-ல் சோழ நாட்டிலிருந்து 72 பேர் கொண்ட தூதுக்குழு சீனாவுக்குச் சென்றது. 1088-ல் சுமத்ரா தீவின் பாரூஸ் துறையில் தமிழ் வணிகக் குழுவினர் தமிழிலேயே கல்வெட்டு நாட்டினார்கள். தேசங்கள் சில போயினும் அவன் ஆட்சி ஏறக்குறைய ஐம்பது ஆண்டு நிலைத்தது.

நாமோ கடாரம் கொண்டதைப் பேசுகிறோம். சுங்கம் தவிர்த்ததைப் பேசுவதில்லை.

“அப்படியானால் பஞ்சின் மீதிருந்த தீர்வையை நீக்கியதும் நல்லதுதானே?” என்று வாசகர் மடக்கலாம். சுங்கங்களெல்லாம் ஒரே ஜாதி அல்ல. எளியவனின் வயலுக்கு வேலியாக நிற்பது ஒன்று. வலியவன் கையில் தடியாகச் சுழல்வது மற்றொன்று. தடிக்குப் பயந்து வேலியைப் பிடுங்குவோமானால் நஷ்டம் வேப்பந்தட்டைக்கே. நெசவு ஆலைக்கு மலிவான பஞ்சு வேண்டுமென்றால், பருத்தி விளைவிப்பவனிடம் ஆதார விலைக்குத் தவறாமல் கொள்முதல் செய்யும் பொறுப்பையும் சர்க்கார் ஏற்க வேண்டும். ஒரே சந்தையை நம்பாமல் பல தேசங்களோடு உறவு வளர்க்க வேண்டும். 2025 ஜூலையில் பிரிட்டனோடு செய்துகொண்ட வர்த்தக ஒப்பந்தம் அவ்வழியில் ஓர் அடி.

1279-க்குப் பிறகு சோழப் பேரரசு இல்லை. 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது, கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் மதிலையும் கோபுரத்தையும் இடித்துக் கற்களை எடுத்துச் சென்றார்கள். அந்தக் கற்கள் இன்றும் அணைக்கரையில் தண்ணீரைத் தடுத்து நம் வயல்களுக்குத் திருப்பிக் கொண்டிருக்கின்றன. பழம்பெருமை பேசி வாக்குச் சேகரிப்பவர்கள், எந்தத் தேசத்தவராயினும், ஒருமுறை அங்கே வந்து பார்த்துவிட்டுப் போகலாம்.