கடைசி இடத்துக்கு வந்தா என்ன தண்டனை?

மஞ்சள் விலை பத்தி எழுதச் சொல்லி மூணு பேர் கேட்டிருந்தீங்க. அது அடுத்த வாரம். இன்னைக்கு ஃபுட்பால் பத்தி எழுதப் போறேன், வயித்தெரிச்சல் தாங்கல. தோட்டம் துரவு எழுதற இடத்துல பந்து எதுக்குன்னு கேக்காதீங்க. அன்னூர்ப் பக்கம் பள்ளிக்கூடத்துல படிக்கறப்ப நானும் வெறுங்கால்ல ஆடினவன்தான். பேக் ஆடுவேன். கெண்டைக்கால் தழும்பு இன்னும் இருக்குது.

விசயம் சென்னையின் எஃப்.சி. பத்தி. 2018 மார்ச் 17-ஆம் தேதி பெங்களூரு அணியை அவங்க ஊர்லயே 3-2ன்னு ஜெயிச்சு ஐ.எஸ்.எல். கோப்பையைத் தூக்கின அணி. மைல்சன் தலையால முட்டின ரெண்டு கோலை நான் வீட்டுல உக்காந்து பாத்து, பக்கத்து வீட்டுக்காரங்க என்னமோ ஏதோன்னு ஓடி வர்ற அளவுக்குக் கத்தினேன். 2015-லயும் ஒரு கோப்பை. ஆக ரெண்டு கோப்பை. அதே அணி, அதே கோச் ஜான் கிரிகோரி, அடுத்த 2018-19 சீசன்ல என்ன பண்ணுச்சு? 18 ஆட்டம், 2 வெற்றி, 3 டிரா, 13 தோல்வி. மொத்தம் 9 புள்ளி. பத்து அணியில பத்தாவது இடம். அதுக்கு முன்னாடி சீசன்ல இதே 18 ஆட்டத்துல எடுத்தது 32 புள்ளி! ஒன்பதாவதா வந்த கேரளாவே 15 புள்ளி எடுத்திருக்கு. கடைசிக்கு முந்தின இடமே எட்டாத தூரத்துல இருந்திருக்குதுங்க.

சொந்த மண்ணுல ஒரே ஒரு வெற்றி, அதுவும் பிப்ரவரி மாசம் வந்துதான். முதல் வெற்றி புனேல போய் எடுத்தது. நார்த்ஈஸ்ட் கூட சென்னையில ஆடினப்ப 3 கோல் போட்டும் 4 வாங்கித் தோத்தாங்க. அதுல ஒக்பெச்சே ஒருத்தர் மட்டும் 3 போட்டாரு. ஒரே ஆளு திரும்பத் திரும்ப வந்து போடறான், அவனை மறிக்க ஆளில்லை. எங்க ஸ்கூல் பி.டி. வாத்தியார் இருந்திருந்தா அன்னைக்கு பேக் ஆடின நாலு பேரையும் மைதானத்தைச் சுத்தி ஓட விட்டிருப்பாரு.

சாக்கு சொல்றவங்க இருக்காங்க. என் மச்சினன் சென்னையில வேலை பாக்கறான், நீலச் சட்டை போட்டுக்கிட்டு தவறாம ஸ்டேடியம் போறவன். அவனைக் கேட்டா, "மாமா, கேப்டன் செரேனோ போயிட்டாரு, தனபால் கணேசுக்கு முழங்கால் அடி, ஜெஜே ஃபார்ம்ல இல்ல, நாம என்ன பண்றது"ங்கறான். எல்லாம் நெசந்தான். போன தடவை 9 கோல் போட்ட ஜெஜே இந்த தடவை போட்டது 1. ஆனா சாம்பியன் அணி ஒரு கேப்டன் போனா இன்னொரு ஆளைத் தயார் பண்ணி வெச்சிருக்க வேண்டாமா? கோப்பை ஜெயிச்ச மிதப்புல உக்காந்துட்டு, சனவரி மாசம் வீடு பத்தி எரியறப்ப கேரளாகிட்ட இருந்து வினீத்தைக் கடனா வாங்கறாங்க. வெள்ளாமை காய்ஞ்ச பொறகு வாய்க்காலைத் தூர் வார்ற கதை.

அதோட, சூப்பர் கோப்பை இறுதி ஆட்டம் வரைக்கும் போனமேன்னு ஒரு சமாதானம். போனாங்க, 2019 ஏப்ரல் 13-ஆம் தேதி கோவா கிட்ட 2-1ன்னு தோத்தாங்க. பதினெட்டு ஆட்டத்துல கெட்ட பேரை நாலு ஆட்டத்துல கழுவ முடியுமா?

தோக்கறதுல எனக்குக் கோபம் இல்லீங்க. விவசாயிக்குத் தோல்வி புதுசா? அந்த வருசம் படைப்புழு வந்து எங்க பக்கம் மக்காச்சோளத்தைக் குருத்தோட தின்னுட்டுப் போச்சு. எனக்குக் கோபம், தோத்ததுக்கு அப்பறம் ஒண்ணுமே நடக்கலீங்கறதுல. பத்தாவது இடம் வந்த அணி அடுத்த வருசம் அதே முதல் வரிசையில, அதே நாற்காலியில உக்காரும்னு இருந்துச்சு. கீழ இறங்கற பேச்சே அப்ப ஐ.எஸ்.எல்.ல கிடையாது. 2014-ல ஆரம்பிச்சதுல இருந்து 2019 வரைக்கும் இதே கதைதான். பணம் கட்டி இடம் வாங்கியாச்சு, இடம் அவங்களோடது. அவ்வளவுதான்.

சொசைட்டியில பால் ஊத்தறவங்களுக்குத் தெரியும். இன்னைக்கு டிகிரி குறைஞ்சா இன்னைக்கே ரேட்டு குறையும். "போன வருசம் இந்த மாடு நல்லாக் கறந்துச்சுங்க"ன்னு சொன்னா ஒத்துக்குவாங்களா? அபிசேக் பச்சனும் தோனியும் பங்கு வெச்சிருக்கற அணிக்கு மட்டும் அப்ப டிகிரி பாக்கற கருவியே இல்ல.

ஒரு சங்கதி சொல்றேன் கேளுங்க. இங்கிலாந்துல 1937-ல சாம்பியன் ஆன மான்செஸ்டர் சிட்டி, அடுத்த வருசமே 1938-ல ரெண்டாம் டிவிசனுக்கு இறங்குச்சு. அந்த சீசன்ல லீக்லயே அதிக கோல் போட்ட அணி அவங்கதான், அப்படியும் இறக்கி விட்டாங்க. செருமனியில நியூரம்பர்க் 1968-ல சாம்பியன், 1969-ல கீழ. யாரும் "அய்யோ பாவம், போன வருசம் ஜெயிச்சவங்க"ன்னு தடவிக் குடுக்கல. கீழ போயி, சேத்துல புரண்டு, மறுபடியும் ஏறி வந்தாங்க.

அவ்வளவு தூரம் எதுக்கு? நம்ம நாட்டுலயே, அதே 2018-19-ல, ஐ-லீக்ல கடைசியா வந்த சில்லாங் லஜோங் இறங்கிருச்சு. மேகாலயாப் பசங்க, நட்சத்திர முதலாளி கிடையாது, சின்னச் சின்னப் பையன்களை வெச்சு ஆடினாங்க. அவங்களுக்குச் சட்டம் இருந்துச்சு. ஒன்பது புள்ளிக்காரங்களுக்கு அப்ப சட்டம் இல்லை. இது என்ன நியாயமுங்க?

இனி எங்க கோயமுத்தூருக்கு வர்றேன். எரிச்சலே இங்கதான். அதே ஐ-லீக்ல 2018-19-ல சாம்பியன் யாரு? நம்ம நேரு ஸ்டேடியத்துல அப்ப ஆடின சென்னை சிட்டி. 2019 மார்ச் 9-ஆம் தேதி கடைசி ஆட்டம். ஜெயிச்சே ஆகணும், இல்லைன்னா கோப்பை ஈஸ்ட் பெங்காலுக்கு. மினர்வா பஞ்சாப் ஆரம்பத்துலயே ஒரு கோல் போட்டுட்டாங்க. மாட்டுக்குத் தண்ணி காட்ட வேண்டிய நேரத்துல நான் நகத்தைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். ரெண்டாவது பாதியில மான்சி பெனால்டி போட்டாரு, அப்பறம் கௌரவ் போரான்னு ஒரு தடுப்பாட்டக்காரப் பையன் ரெண்டு போட்டான். 3-1. நாங்க 43 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 42. அப்ப நூறு வருசத்தை நெருங்கிக்கிட்டு இருந்த கல்கத்தா கிளப்பை ஒரு புள்ளியில முந்தின அணி இது.

அந்த அணிக்கு ஐ.எஸ்.எல்.ல இடம் கிடைச்சுதா? கிடைக்கல. 2017-ல மிசோரத்துல இருந்து வந்து ஐ-லீக் ஜெயிச்ச ஐசால் அணியும் கேட்டுப் பாத்துச்சு, கதவு திறக்கல. அதே வருசம் பெங்களூருவும் ஜாம்செட்பூரும் உள்ள போனாங்க. ஜாம்செட்பூர் புத்தம் புது அணி, அதுவரைக்கும் ஒரு ஆட்டம்கூட ஆடாதது.

தரம் வேற வேறங்கறான் மச்சினன். சரி, தரத்தைப் பாத்துருவோம். புவனேசுவரத்துல நடந்த இதே சூப்பர் கோப்பையில, ஐ.எஸ்.எல். சாம்பியன் ஆகி முழுசா ஒரு மாசம்கூட ஆகாத பெங்களூருவை எங்க சென்னை சிட்டி 2-1ன்னு அடிச்சு வெளிய அனுப்புச்சு. இதுக்கு அவன் பதில் சொல்லல. நெட்வொர்க் சரியில்லையாம்.

நியாயமா ஒண்ணையும் சொல்லணும். சென்னை சிட்டியும் ஏலத்துல இடம் கேட்டு நேரா ஐ-லீக் உள்ள வந்த அணிதான், படிப்படியா ஏறி வந்ததில்லை. கோயமுத்தூர்ல ஆடிக்கிட்டுப் பேர்ல சென்னையை வெச்சிருந்ததும் எனக்குப் பிடிக்கல. ஆனா வந்த பொறகு அவங்களுக்கு ஒரு பயம் இருந்துச்சு. அதுக்கு முந்தின சீசன்ல பட்டியல்ல கீழதான் கிடந்தாங்க. சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் கோச்சா இருந்து தூக்கி நிறுத்தினாரு. நெய்வேலிப் பையன் எட்வின் அணியில ஆடினான். அந்தப் பயம் சென்னையின் முதலாளிகளுக்கு ஒரு நாளாவது இருந்திருக்குமா?

பயம் இல்லாத இடத்துல ரசிகனுக்கும் மரியாதை இல்லை. 2019 மார்ச் மாசம் கொழும்பு அணியோட ஏ.எஃப்.சி. கோப்பை ஆட்டம், சென்னையினோட "சொந்த மைதான" ஆட்டம், எங்க நடந்துச்சு தெரியுமா? அகமதாபாத்துல! ஒன்பது புள்ளி வாங்கினப்பவும் காசு குடுத்து வந்து உக்காந்த மச்சினன் மாதிரி ஆளுங்க அதை டிவியிலதான் பாக்க வேண்டி இருந்துச்சு.

2010-ல 15 வருசத்துக்கு, 700 கோடிக்கு ஃபெடரேசன்காரங்க ரிலையன்ஸ் கூட்டணிக்கு எழுதிக் குடுத்தாங்க. குத்தகைக்கு விட்ட தோட்டத்துக்குக்கூட எல்லைக் கல்லும் நிபந்தனையும் உண்டு. நான் அப்ப கேட்டது பெருசா ஒண்ணும் இல்லை. எந்த வருசத்துல இருந்து கடைசி அணி இறங்கும், ஐ-லீக் சாம்பியன் ஏறும்னு ஒரு தேதி போடுங்கன்னுதான். ஃபெடரேசன்காரங்க போட்டாலும் சரி, முதலாளிங்க ஒத்துக்கிட்டுப் போட்டாலும் சரி. அது வரைக்கும் மச்சினன் அனுப்பற "அடுத்த சீசன் பாருங்க மாமா"ங்கற மெசேஜுக்கு நான் பதில் போடறதா இல்லைன்னு இருந்தேன்.

மஞ்சள் விலை அடுத்த வாரம், கண்டிப்பா.